நாலாம் நாள் கேள்வி

நிமிஷ் பனிக்காலத்துக்கு மட்டுமே உரிய பண்டம். பாலைச் சுண்டக் காய்ச்சி, ஏடு கலந்து, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மொட்டை மாடியில் திறந்த வானத்தின் கீழ் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் அதன்மேல் பனி இறங்கும். விடியுமுன் மத்தைப் போட்டுக் கடைந்தால் பால் நுரைத்துக்கொண்டு மேலே வரும். அந்த நுரையை மட்டும் வழித்தெடுத்து, சர்க்கரையும் குங்குமப்பூவும் சேர்த்து, மண் தட்டில் வைத்து விற்பார்கள். வெயில் ஏறினால் நுரை அமுங்கிப் பழையபடி பாலாகிவிடும். அதனால் லக்னோவின் சௌக் பகுதியில், கோல் தர்வாஸா வளைவுக்குக் கீழே, காலை நேரத்தில் எல்லோரும் கொஞ்சம் அவசரமாகவே சாப்பிடுவார்கள்.

ஷாயிஸ்தா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நாக்கு அதைத் தேடுவதற்குள் அது போய்விட்டது.

"எங்க போச்சு?" என்றாள் கணவன் தௌகீரிடம்.

"எல்லாரும் மொதல்ல கேக்குறது இதுதான், துல்ஹன்," என்றார் முஜ்தபா சாஹிப். தம்பி முறை உள்ளவனின் மனைவியை அந்த வீட்டில் துல்ஹன் என்றுதான் கூப்பிடுவார்கள், கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் அவள் மணப்பெண்தான். "வெறும் காத்து. காத்தச் சுத்தி ஒரு மெல்லிசு பால் தோலு. அவ்வளவுதான் விஷயம். கராச்சியில இது கெடைக்குமா?"

"எங்க ஊர்ல பனிக்கு எங்க போறது, பாயிஜான்," என்றான் தௌகீர். "கடக் காத்துல வச்சுக் கடைஞ்சா உப்பு நுரைதான் வரும்."

முஜ்தபா சாஹிப் மகிழ்ந்துபோய் இன்னொரு தட்டு வாங்கினார். ரயில்வே பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் அது எப்படி நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்று சொல்லாமல் அவரால் கடக்க முடியாது. தௌகீருக்குப் பெரியப்பா மகன். கராச்சியிலிருந்து வரும் இருவருக்கும் விசா வேண்டுமென்றால் இங்கே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவர் ஏற்றிருந்தார். விசா லக்னோ நகரத்துக்கு மட்டும், பதினைந்து நாளைக்கு. ஊர் எல்லை தாண்டக் கூடாது.

ஊர் பார்க்கத்தான் வருவதாகத் தௌகீர் எழுதியிருந்தான். ஷாயிஸ்தா வந்தது தன் அக்காவைப் பார்க்க.

அக்கா தாஹிராவைக் கராச்சியிலிருந்து லக்னோவுக்குக் கட்டிக்கொடுத்தது இதே வீட்டுக்குத்தான். முஜ்தபா சாஹிபின் தம்பிக்கு. நாலு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாஹிரா தானாகவே மணவிலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியேறினாள். தம்பி டெல்லிக்குப் போய் அங்கேயே சில வருஷத்தில் இறந்துபோனார். அதன்பிறகு இந்த வீட்டில் தாஹிராவின் பெயரை யாரும் எடுப்பதில்லை. கராச்சியிலும் அப்பா, எனக்கு ஒரே மகள்தான் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை தொலைபேசி மணி அடித்தது. பள்ளிச் சீருடையில் இருந்த ஷாயிஸ்தா எடுத்தாள். "ஷாயி, நான்தான்" என்று குரல் வந்தது. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "தப்பு நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப்பின் அந்த மணி அவளுக்காக அடிக்கவில்லை.

அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். அக்கா லக்னோவில்தான் எங்கோ பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது வரை தெரியும். எங்கே என்பது முஜ்தபா சாஹிபுக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் சந்து சந்தாக விசாரிக்கலாம்தான். ஆனால் கராச்சிக்காரி ஒருத்தி தாஹிராவைத் தேடுகிறாள் என்ற செய்தி, அவள் வீடு திரும்புமுன் அவர் காதுக்குப் போய்விடும். தன் பெயரில் விசா வாங்கிக்கொடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் அப்படிச் செய்வது அவருக்குச் செருப்படி. ஆக அவரைத்தான் கேட்கவேண்டும்.

கேட்கத்தான் முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்து மூன்று நாள். அந்த மூன்று நாளும் வந்தவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்கமாட்டார். வந்தவரும் தன் காரியத்தைச் சொல்லமாட்டார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வந்ததும் வராததுமாக ஒன்றைக் கேட்டால், போட்ட சோற்றுக்கு மேலே இன்னொரு பாரத்தை ஏற்றியதாகிவிடும். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு கேட்டாலோ, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டது போலாகும். நாலாம் நாள் காலையில் வீட்டுக்காரர் குளித்து, நல்ல உடை உடுத்தி வந்து கேட்பார். அப்போது சொல்லப்படும் காரியத்தை அவர் லேசில் மறுக்கவும் முடியாது. மூன்று நாள் பொறுத்தவரின் கை அவ்வளவு வலுவானது.

"அதனாலதான் சொல்றேன்," என்று தௌகீர் வரும் வழியெல்லாம் சொல்லியிருந்தான். "மொத நாளே கேட்டா மாட்டேன்னு சொல்ல அவருக்கு ஒரு சாக்கு கெடைச்சிடும். நாலாம் நாள் கேட்டா கெடைக்காது. பதினஞ்சு நாள் இருக்கு. மூணு நாள் வாயைக் கட்டிக்க."

"வாயக் கட்டிக்கிட்டா இவ்வளவையும் எப்படித் திங்கிறதாம்?" என்று கேட்டிருந்தாள் ஷாயிஸ்தா.

முதல் நாள் அப்படித் தின்றே கழிந்தது. நிமிஷுக்குப் பின் இரவெல்லாம் வெந்த இறைச்சிக் குழம்பான நிஹாரி, எலும்புச் சாறு ஊறிய குல்சா ரொட்டி. குல்சாவின் அடியில் மட்டும் ஏன் மொறுமொறுப்பு என்று அடுப்புக்குள்ளேயே குனிந்து காட்டினார் முஜ்தபா சாஹிப். புருவம் கருகிவிடும் என்று கடைக்காரர் அவரைப் பின்னால் இழுத்தார். மாலையில் வீட்டுக்கு வந்தால் கனீஸ் பாபி, முஜ்தபா சாஹிபின் மனைவி, இன்னொரு விருந்தைப் பரப்பி வைத்திருந்தாள்.

"வெளிய சாப்பிட்டதெல்லாம் கணக்குல வராது, துல்ஹன். வீட்டுச் சாப்பாடு இப்பதான ஆரம்பிக்குது."

சாப்பிட்டு முடிக்கும்போது பக்கத்துத் தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் நாசிர் மியான் வந்தார். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர். போகுமுன் தெரிந்தவர், பகைத்தவர் எல்லார் வீட்டுக்கும் போய், செய்த குற்றங்குறைகளுக்கு மன்னிப்புக் கேட்டு வாங்கவேண்டும். அந்தச் சுமையோடு அங்கே போய் நிற்கக்கூடாது. போகிறவரே நடந்து வரவேண்டும், ஆள் அனுப்பினால் சேராது.

"சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு, முஜ்தபா பாயி. உங்க அலாரக் கடிகாரம். ரிப்பேருக்குக் குடுத்தீங்களே. அதுக்குள்ள இருந்த ஒரு நல்ல சக்கரத்த எடுத்து வேற ஒருத்தருக்குப் போட்டுட்டேன்."

"தெரியுமே," என்றார் முஜ்தபா சாஹிப். "அன்னிலேருந்து அது நமாஸ் முடிஞ்சப்புறம்தான் எழுப்புது."

"மன்னிச்சீங்களா?"

"மன்னிச்சாச்சு. என் தூக்கம் உங்களால எவ்வளவு மிச்சம்னு நெனச்சீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஷாயிஸ்தாவும் சிரித்தாள். ஒரு சக்கரத்தை ஒப்புக்கொள்ள எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அமீனாபாத் கடைவீதியில் கழிந்தது. வெள்ளை நூலில் சிக்கன் எனும் பூவேலை செய்த துணிகள், வாய்க்குள் கரையும் கபாப், நெய் மின்னும் ஷீர்மால் ரொட்டி. கடைகளுக்கு முன்னால் போகிற ஒவ்வொரு கறுப்பு புர்காவையும் ஷாயிஸ்தா பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வைத்து நடப்பாள். முகம் மூடியிருந்தாலும் அந்த நடை தெரிந்துவிடும் என்று நம்பினாள். கபாப் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் அப்படியே நடந்து போனாள். ஷாயிஸ்தா எழுந்தேவிட்டாள். அந்தப் பெண் திரும்பி ரிக்‌ஷாக்காரரைத் திட்டிய குரலில் அக்கா இல்லை.

"என்ன துல்ஹன், கபாப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு பாயிஜான். கால் மரத்துப்போச்சு."

"வேற எங்கயாவது போகணுமா? யாரையாவது, எதையாவது பாக்கணும்னா சொல்லுங்க."

இது வழக்கமான உபசாரக் கேள்வி. வாசல் போலத் தோன்றும், நுழையக்கூடாது. தௌகீர் மேசைக்கடியில் அவள் காலைத் தொட்டான்.

"இதுவே நெறையதான், பாயிஜான்," என்றாள் ஷாயிஸ்தா.

மூன்றாம் நாள் பெரிய இமாம்பாடா, நவாப் காலத்து முஹர்ரம் மண்டபம். முஜ்தபா சாஹிபுக்கு அது சொந்த வீடு மாதிரி. இவ்வளவு பெரிய கூடத்தின் நடுவே ஒரு தூண் இல்லை, மேலே ஓர் உத்தரம் இல்லை. செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, விழ நினைக்கிற ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்கிறது. ஆனால் அப்படிச் சாய்கிற கூரை சுவர்களை வெளியே தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக வேண்டும். முழுக்க அடைத்துக் கட்டினால் தன் கனத்திலேயே மண்ணுக்குள் இறங்கும். அதனால் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் வழிவழியாகக் குடைந்து, பாரத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்த வழிகள்தான் எல்லோரும் தொலைந்துபோகும் பூல்புலையா.

"ஜனங்க இத ராஜா ராணி ஒளிஞ்சு வெளையாடக் கட்டினதுன்னு நெனைக்கிறாங்க," என்றார் அவர், இருட்டு வழியில் முன்னே நடந்தபடி. "எடை குறைக்கக் கட்டினது மியான். கனத்த எறக்கி வைக்கிற வேலை. தொலைஞ்சு போறது இலவசம்."

வழி, கூடத்தைச் சுற்றி உட்பக்கமாக ஓடும் உயரமான மாடத்தில் போய்த் திறந்தது. கணவன் மனைவி இருவரையும் ஒரு முனையில் நிறுத்திவிட்டு அவர் மறுமுனைக்குப் போனார். அங்கிருந்து பார்க்க விரல் அளவு தெரிந்தார். தீக்குச்சியைப் பெட்டியில் உரசினார். சரக் என்ற ஒலி ஷாயிஸ்தாவின் காதுக்குப் பக்கத்தில் உரசியதுபோல் கேட்டது. சுவர் வழுவழுப்பாக இருப்பதால் ஒலி சிதறாமல் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவர் அங்கிருந்து கையாட்டினார். பிறகு குனிந்து குச்சியைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஷாயிஸ்தா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, "இன்னிக்கு ஒரு பொழுது போகணும்," என்றாள் மெதுவாக.

"நாளைக்குக் காலையில கேட்டுடலாம்."

"தாஹிரா ஆபா எங்க இருக்கான்னு நானே கேக்கறேன். நீங்க பேசாதீங்க. மாட்டேன்னு சொன்னா கால்ல விழுவேன்."

"விழவெல்லாம் வேண்டாம். மூணு நாள் ஆயிடும், சொல்லித்தான் ஆகணும் அவரு."

முஜ்தபா சாஹிப் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது மூச்சு வாங்கியது, அதிகம் பேசவில்லை. படிக்கட்டு ஏன் ஒரே உயரத்தில் இல்லை என்று தௌகீர் வலிய ஒரு கேள்வி கேட்டும், "பழசு," என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஷாயிஸ்தாவுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. மூன்று நாளாகத் தின்ற நெய் நெஞ்சிலேயே நின்றது. "பாபி மதியத்துக்குக் காத்திருப்பாங்க," என்று ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு எடம்," என்றார் முஜ்தபா சாஹிப். "கஷ்மீரி சாய் குடிக்காம லக்னோ குளிரப் பாத்தோம்னு சொல்லமுடியாது. களைப்பா இருந்தா வேண்டாம்."

களைப்பாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவரிடம் கேட்கப்போகும் பெரிய ஒன்றை நினைத்து, இன்றைக்கு இந்தச் சின்னதை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்க இஷ்டம், பாயிஜான்."

கஷ்மீரி சாய் உடனே கிடைக்கும் தேநீர் அல்ல. பச்சைத் தேயிலையைச் சோடா உப்போடு நெடுநேரம் கொதிக்கவிட்டு, நடுநடுவே குளிர்ந்த நீரைக் கொட்டி, கரண்டியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். காற்றும் உப்பும் சேரச்சேரப் பச்சை இலையின் சாறு ரத்தம்போல் சிவக்கும். பால் சேர்த்தால் ரோஜா நிறம். முந்தைய பானை அப்போதுதான் தீர்ந்திருந்தது. புதுப்பானை சிவக்கும்வரை மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முஜ்தபா சாஹிப் இரண்டுமுறை தொண்டையைக் கனைத்தார். இரண்டுமுறையும் தேநீரைப் பற்றித்தான் பேசினார். ஒரு கோப்பை குடித்ததும், இன்னொன்று என்றார். அவர்கள் அதையும் குடித்தார்கள்.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் நேராகத் தொழுகைக்குப் போய்விட்டார். கனீஸ் பாபி ஷாயிஸ்தாவின் மணிக்கட்டைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

"எங்க போயிட்டீங்க நீங்கல்லாம்? பக்கத்து வீட்டு ஆள இமாம்பாடாவுக்கு அனுப்பினேன். கெளம்பிட்டாங்கன்னு சொன்னான். அமீனாபாதுக்கு அனுப்பினேன், அங்கயும் இல்ல."

"சாய் குடிச்சோம். என்ன பாபி?"

"தாஹிரா வந்திருந்தா."

ஷாயிஸ்தா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹஜ்ஜுக்குப் போறாளாம். மன்னிப்புக் கேக்க வந்தா. இந்த வாசப்படிய மிதிச்சு எத்தன வருஷம் ஆச்சு. நாந்தான் சொன்னேன், உன் தங்கச்சி வந்திருக்கா, ஊர் சுத்தப் போயிருக்கா, இப்ப வந்துடுவான்னு. அப்படியே உக்காந்துட்டா. உக்காந்து உக்காந்து எழுந்திரிப்பா. வாசல்ல உன் இன்னொரு ஜோடிச் செருப்பு கெடந்துதில்ல, அத எடுத்து மடியில வச்சுக்கிட்டா. இவ்வளவு பெரிய காலா ஆயிடுச்சா அவளுக்குன்னு கேட்டா."

"இப்ப எங்க?"

"அவங்க கூட்டத்தோட பஸ் ஏர்போர்ட்டுக்குக் கெளம்பியாச்சு, துல்ஹன். அத விட்டா அவளுக்கு மொத்தப் பயணமும் போயிடும். இந்நேரம் உள்ள போயிருப்பாங்க, யாரையும் பாக்க விடமாட்டாங்க. சாயங்காலம் அசர் பாங்கு சொல்றவரைக்கும் இங்க இருந்தா. அதுக்குமேல என்னால புடிச்சு வைக்க முடியல. திரும்பி வர நாப்பது நாளுக்கு மேல ஆகும்."

விசா பதினைந்து நாள். அதில் மூன்று போயிருந்தது.

"எதாவது சொன்னாங்களா, பாபி?"

"உன்னையும் மன்னிக்கச் சொல்லச் சொன்னா."

"நானா? நான் எதுக்கு மன்னிக்கணும்?" என்றாள் ஷாயிஸ்தா. "போன் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"எந்த போன்?"

ஷாயிஸ்தா வாசலில் கிடந்த அந்தச் செருப்பை எட்டிப் பார்த்தாள்.

"அவருக்குச் சொல்லாத," என்றாள் கனீஸ் பாபி, தாழ்ந்த குரலில். "அவரு சார்புலயும் மன்னிச்சாச்சுன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். அவரு மனசு எப்படியோ, எனக்குத் தெரியாது. ஹஜ்ஜுக்குப் போறவள வெறுங்கையோட எப்படி அனுப்புறது?"

தௌகீரிடம் சொன்னபோது அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான் மூணு நாள்னு," என்று தொடங்கினான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நாலாம் நாள் காலையில் முஜ்தபா சாஹிப் குளித்து, கறுப்பு ஷெர்வானி அணிந்து, தொப்பி வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். இன்றைக்குச் சவரமும் செய்திருந்தார்.

"மூணு நாள் எங்க உப்பத் தின்னீங்க, எங்களுக்கு மரியாதை செஞ்சீங்க. இப்ப சொல்லுங்க, துல்ஹன். எது உங்களை இங்க கூட்டிட்டு வந்துச்சு? இந்த வீட்டால ஆகுற காரியம் என்ன?"

ஷாயிஸ்தா கனீஸ் பாபியைப் பார்த்தாள். அவள் தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள்.

"ஊர் பாக்கத்தான் வந்தோம், பாயிஜான். பாத்தாச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார்.

"பயப்படாம சொல்லலாம். நேத்து மாடத்துல ரெண்டு பேரும் பேசிக்கிட்டது எனக்குக் கேட்டுச்சு. அங்க ஒலி ஒரு பக்கம் மட்டும் போறதில்ல. காதுல விழுந்தத வச்சுக் கேக்கக்கூடாது, மூணு நாளும் முடியல. அதான் பேசல. பேசக்கூடாதுன்னு மட்டும் இல்ல. அவ பேரக் கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. மனசத் தேத்திக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் சாய்க்கடையில உக்கார வச்சேன்." எழுந்தார். "தேத்திக்கிட்டேன். தப்பு அவ பக்கம் இல்ல, என் தம்பி பக்கம்தான். கெளம்புங்க. நானே கூட்டிட்டுப் போறேன். கோல் தர்வாஸாவுக்குப் பின்னாலதான், மொத நாள் நிமிஷ் தின்னோமே, அங்கேருந்து மூணாவது சந்து."

கனீஸ் பாபி தட்டைக் கீழே வைத்தாள்.

"வீடு பூட்டியிருக்கும்," என்றாள் கனீஸ் பாபி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னாள். தாஹிரா வந்தது, காத்திருந்தது, பஸ் போனது, தான் கொடுத்த மன்னிப்பு எல்லாவற்றையும். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கோபிக்கவில்லை. "சரியாத்தான் செஞ்சீங்க," என்றார் மனைவியிடம். பிறகு, "ரெண்டாவது கோப்பை நான்தான் கேட்டேன்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆனாலும் போனார்கள். ஷாயிஸ்தாதான் பார்க்கவேண்டும் என்றாள். கோல் தர்வாஸாவில் நிமிஷ் விற்கிறவர் தட்டை நீட்டினார், யாரும் வாங்கவில்லை. மூன்றாவது சந்தில், நீலச் சாயம் பூசிய சின்னக் கதவு. வழியனுப்ப வந்தவர்கள் தூவிய ரோஜா இதழ்கள் படியில் வாடி ஒட்டியிருந்தன. தாழ்ப்பாளில் ஒரு கனத்த பித்தளைப் பூட்டு.

ஷாயிஸ்தா பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தாள். நேற்று தன் செருப்பை அக்கா இப்படித்தான் பிடித்திருப்பாள். நெற்றியைக் கதவில் வைத்து, அந்தத் தப்பு நம்பருக்காகப் பல வருஷமாகச் சொல்ல வைத்திருந்த மன்னிப்பை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். மரக்கதவு, சொன்னதைச் சொன்ன இடத்திலேயே வைத்துக்கொண்டது.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று முஜ்தபா சாஹிபுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இது அலிகர் பூட்டு, துல்ஹன்," என்றார். "உள்ள அஞ்சு நெம்புகோல் இருக்கும். சாவி போட்டாத்தான் அஞ்சும் ஒரே மட்டத்துக்கு வரும். அப்பதான்..."

அந்த நாலு நாளில் அவர் தொடங்கி முடிக்காத விளக்கம் அது ஒன்றுதான்.